அடுப்பை எங்கே வைப்பது?

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோரின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டின் உள்ளமைப்பு என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலர், "இது நகரத்துச் செல்வர்களின் கவலை அல்லவா? முந்நூறு சதுர அடி வீட்டில் அமைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று எண்ணக்கூடும். சிறிய வீட்டுக்குத்தான் இந்தக் கவலை மிகுதியாக வேண்டும் என்பது நமது கருத்து. பெரிய மாளிகையில் ஓர் அறை தவறாக அமைந்துவிட்டால் அதைப் பூட்டிவிட்டு மற்றோர் அறையில் வாழலாம். இரண்டே அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை தவறினால் பாதி வீடு போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த ஒரு பிழையைக் கூறியே இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறோம். நாம் பணியாற்றிய கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் அரசுத் திட்டத்தின்கீழ் இருபது வீடுகள் கட்டப்பட்டன. ஒரே வரிசை, ஒரே வரைபடம். அளவு சரியாக இருந்தது. சிமெண்டும் கம்பியும் குறைவின்றி இருந்தன. குறித்த காலத்தில் வேலை முடிந்தது. மேலதிகாரிகளும் பாராட்டினார்கள். ஓராண்டு கழித்து வேறு அலுவலாக அவ்வூருக்குச் சென்றபோது நாம் கண்ட காட்சி வேறு. பெரும்பாலான வீடுகளின் உள்ளே வலைகளும் மிளகாய் மூட்டைகளும் கிடந்தன. மனிதர்கள் வாசலில் பனை ஓலைச் சார்ப்பு இறக்கி, அதன் கீழே உண்டு, அதன் கீழேயே உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நமக்குச் சற்றுச் சினம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. "இத்தனை செலவில் கட்டிய வீட்டைக் கிடங்கு ஆக்கிவிட்டீர்களே!" என்றோம். அங்கிருந்த மூதாட்டி ஒருவர், மடியில் இருமிக்கொண்டிருந்த பேரக்குழந்தையின் முதுகைத் தடவியபடியே, "ஐயா, வீடு கொடுத்தீர்கள், மகராசனாய் இருங்கள். அடுப்பை எங்கே வைப்பது என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார்.

நாம் கேட்கவில்லை என்பதே உண்மை. உள்நாட்டில் நன்றாகப் பயன்பட்ட வரைபடம் ஒன்றை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவந்திருந்தோம். அதில் சமையலறை தென்மேற்கு மூலையில் இருந்தது. அதன் ஒரே ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் புழுதியும் காற்றும் உள்ளே புகுந்து, புகையை வீடெங்கும் பரப்பிற்று. ஜன்னலை மூடினால் புகை போக வழியில்லை. எரிவாயு இணைப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் சீமைக்கருவேல விறகு வாசலிலேயே காசில்லாமல் கிடைக்கும்போது, உருளையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதில் அவர்களைக் குறை கூற இயலாது.

அன்று முதல் நமக்கு ஒன்று தெளிவாயிற்று. வீட்டின் உள்ளமைப்பு என்பது நாற்காலியும் படமும் வாங்கி அடுக்குவதன்று. அந்த வீட்டில் வாழப்போகிற ஒவ்வொருவருக்கும், அவர்கள் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் இடம் கொடுப்பதே அது. அந்த இடத்தை, புழங்கப் போகிறவர்களைக் கேட்டு, வானம் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பூச்சு வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

புகைக்கு வழி

முதலில் அடுப்பைப் பற்றியே பேசுவோம். வீட்டினுள் எழும் புகையால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டுபோகிறார்கள் என்பது 2020ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள கணக்கு. இதில் பெரும்பங்கு துன்பம் அடுப்பருகே நிற்கும் பெண்களுக்கும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளுக்குமே.

இந்தக் கவலை புதிதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. நாம் இன்று வகிக்கும் பதவியே அத்திட்டம் பெற்றெடுத்ததுதான். அதே காலத்தில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு என்பவர் மண்ணாலேயே கட்டக்கூடிய, புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். பின்னர் 1983இல் மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைபெற்றது. பல ஊர்களில் அந்த அடுப்புகள் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. துப்புரவு செய்ய ஆளில்லை. அடுப்பின் வாய், வீட்டிலுள்ள பானைக்குப் பொருந்தவில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயுவைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆகவே, எரிவாயு வந்துவிட்டது, இனிப் புகையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நாம் இருந்துவிடலாகாது. இரண்டு அடுப்புக்கும் இடம் ஒதுக்குவதே அறிவுடைமை.

நமது கரையில் ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்து கச்சானும், மறு பாதியில் வடகிழக்கிலிருந்து வாடையும் வீசுகின்றன. அடுப்பு இவ்விரு மூலைகளில் எதில் இருந்தாலும், ஒரு பருவத்தில் காற்று புகையை வீட்டுக்குள் தள்ளும். தென்கிழக்கு மூலையோ வடமேற்கு மூலையோ ஆனால், காற்று வீட்டைக் குறுக்கே கடந்து செல்லுமேயன்றிப் புகையை உள்ளே சுமந்து வராது. நம் முன்னோர் தென்கிழக்கை அக்னி மூலை என்றார்கள். அவர்கள் கூறிய காரணம் எதுவாயினும், இக்கரையின் காற்றுக்கு அது பொருந்தியே வருகிறது. விறகடுப்பைத் தென்கிழக்கில் ஒரு திறந்த சார்ப்பின் கீழும், எரிவாயு அடுப்பை உள்ளே மேடைமீதும் வைப்பது நலம்.

மேடையின் உயரத்துக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சமைக்கிற அம்மையார் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். அந்த முழங்கைக்கு அரைச் சாண் கீழே மேடையின் மேற்பரப்பு இருந்தால் முதுகு வலிக்காது. வீட்டுக்கு வீடு அந்த உயரம் மாறும். ஆகவே, கொத்தனார் அளவெடுக்க வேண்டியது அந்த அம்மையாரிடம்தான். எரிவாயு உருளை தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அந்த வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே சுவரின் அடியில் ஒரு சிறு காற்றுத் துளை அவசியம். விறகடுப்பை உருளைக்கு அருகில் ஒருபோதும் மூட்டலாகாது.

காற்றும் வெளிச்சமும்

அடுத்தது காற்று. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் ஓர் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் ஜன்னல், சாளரம் ஆகியவற்றின் திறப்பு இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு வேண்டும் என்பது பொருள். நம் வீடுகள் பலவற்றில் இதில் பாதிகூட இல்லை. அளவு மட்டும் போதாது. ஒரு ஜன்னலுக்கு நேரெதிரே மற்றொரு திறப்பு வேண்டும். நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லையேல் அது நுழையவே நுழையாது. கூரையை ஒட்டி உயரத்தில் ஒரு சிறு திறப்பு இருந்தால், மேலே தேங்கும் வெப்பக் காற்று வெளியேறிவிடும். அதன் மேல் மழைத் தடுப்பு இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை இக்கரையில் சாய்ந்தே அடிக்கும்.

இராமநாதபுரம் அரண்மனையில் சேதுபதி மன்னர்களின் இராமலிங்க விலாசத்தைக் கண்டவர்கள் அதன் பருத்த சுவர்களை மறந்திருக்க மாட்டார்கள். பருத்த சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. நம்மால் அத்தகைய சுவர் எழுப்ப இயலாது. ஆனால் மேற்குச் சுவருக்கு நிழல் கொடுக்க இயலும். மேற்கே ஒரு பனை ஓலைச் சார்ப்போ, பந்தலில் ஒரு பீர்க்கங்கொடியோ போதும். கான்கிரீட் கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும். உட்சுவரிலும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சிறு ஜன்னல் வழியே வரும் வெளிச்சமும் அறை முழுவதும் பரவும். அடர்ந்த பச்சையும் நீலமும் கண்ணுக்கு அழகுதான். எனினும், பகலிலேயே விளக்கேற்ற வைக்கும் வண்ணம் ஏழைக்கு ஆகாத வண்ணம்.

அந்த இருபது வீட்டுக்காரர்கள் வாசலில் போட்ட ஓலைச் சார்ப்பைக் கண்டு நாம் சினந்தோம் என்றோமல்லவா? சிந்தித்துப் பார்த்தால், அந்தச் சார்ப்புதான் அவ்வூரின் மிகச் சிறந்த உள்ளமைப்பு. காற்று வருகிறது, நிழல் இருக்கிறது, வருகிறவர் அமரத் திண்ணையும் இருக்கிறது. பனை நம் மாநில மரம். நம் மாவட்டத்தின் செல்வம். அதன் ஓலையை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி நாம் ஒதுக்கியிருந்தோம்.

உப்பும் ஈரமும்

கடற்கரை வீட்டின் தீராத பகை உப்பு. சுவரின் அடியில் வெண்மையாக உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதைக் காணாத வீடு இல்லை. இதற்குக் காரணங்கள் மூன்று: உப்பு கலந்த மணல், உப்பு நீரில் பிசைந்த கலவை, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். கடல் மணலையும் உவர் நீரையும் கட்டட வேலைக்குக் கொண்டுவர விடாதீர்கள். அவை சுவரைக் கெடுப்பதோடு நில்லாமல், கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்து, கூரையையே பிளந்துவிடும். அடித்தளத்தின் மேல் ஈரத்தடுப்புப் படலம் போட்ட பிறகே சுவர் எழுப்ப வேண்டும். இந்த ஒரு வேலையை ஊராட்சி உறுப்பினர் நேரில் நின்று பார்க்க வேண்டும். மறைந்துபோகும் வேலையில்தான் குறை நுழையும்.

இராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகள் பல பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. அவற்றைக் கண்டு, "அந்தக் கல் போல் வருமா?" என்று கூறும் பெரியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கல் கடலில் உயிரோடு வளர்ந்தது. மீனுக்கு வீடாக இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. பல காலம் பவளப்பாறை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. நம் வீட்டைக் கட்ட மீனின் வீட்டை இடித்தல் முறையன்று. பழைய வீடுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சுண்ணாம்புப் பூச்சை. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும்.

உட்பொருள்களுக்கும் இதே கருத்துப் பொருந்தும். இரும்பு பீரோ இக்கரையில் சில ஆண்டுகளில் துருப்பிடித்துப் பல்லிளிக்கும். சுவரிலேயே மாடம் விட்டுக் கடப்பைக் கல் பதித்தால் அது தலைமுறைக்கும் நிற்கும். கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றைத் துருப்பிடிக்காத உலோகத்தில் வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும், மறுபடி வாங்கும் செலவு மிச்சம்.

பொருளுக்கு இடம், மனிதருக்கு இடம்

நம் வீடுகளில் மனிதர்களைவிடப் பொருள்கள் வசதியாக வாழ்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை விளைவிக்கும் உழவர் வீட்டில், மாசி, பங்குனியில் மூட்டைகள் உள்ளறையை நிரப்பிவிடும். அந்த நெடியில் உறங்குகிற குழந்தை தும்மாமல் என்ன செய்யும்? மீனவர் வீட்டில் வலையும், மிதவையும், எஞ்சினும், டீசல் கேனும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். டீசல் கேன் வீட்டுக்குள் இருத்தலே ஆகாது; மற்றவற்றுக்கு வெளியே ஒரு பூட்டும் சார்ப்பு போதும்.

கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 2024இல் தொடங்கியபோது, 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரையும், எஞ்சிய 60 சதுர அடிக்குப் பயனாளியின் விருப்பப்படி எளிதில் தீப்பற்றாத பொருளில் கூரையும் அமைக்கலாம் என்று வகுக்கப்பட்டது. அந்த 60 சதுர அடியைச் சிறிய அளவு என்று தள்ளிவிடாதீர்கள். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள அந்த இடம், மிளகாய்க்கும் வலைக்கும் கிடங்காகலாம், விறகடுப்புக்குச் சார்ப்பாகலாம், முதியவர் சாய்ந்திருக்கும் திண்ணையாகலாம். எது வேண்டும் என்பதை அக்குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

உள்ளே பரண் ஒன்று வேண்டும். குலுக்கையில் நெல் கொட்டி வைத்த காலம் பல ஊர்களில் போயிற்று. ஆயினும் விதைக்கும் பாத்திரத்துக்கும் உயரமான இடம் வேண்டும். வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை இக்கரை மறக்காது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் அனைவரும் அறிவோம். குடும்ப அட்டை, பட்டா, மீனவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு நீர்ப்புகா உறையில் இட்டு, தலைக்கு மேல் உள்ள மாடத்தில் வைக்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும்.

படிக்கிற பிள்ளைக்கு ஒரு மூலை வேண்டும். ஜன்னலை ஒட்டி இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுமாறு ஒரு பலகை, அதன்மேல் ஒரு விளக்கு, புத்தகத்துக்கு ஒரு மாடம், இவை போதும். பெண் மக்கள் உடை மாற்றவும் குளிக்கவும் தாழிடக்கூடிய மறைவிடம் வேண்டும். நாலடிக்கு நாலடி இடம் அது. பல வரைபடங்களில் அதற்கு இடம் ஒதுக்கப்படுவதில்லை. வரைபடம் போட்ட நம்மைப் போன்ற ஆண்களுக்கு அது நினைவுக்கு வருவதில்லை என்பதே காரணம்.

விருந்தினருக்கும் இடம் வேண்டும். டாக்டர் அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் தம் பள்ளி நாட்களைக் கூறும்போது, அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் தம்மை வீட்டுக்கு உணவருந்த அழைத்ததை நினைவுகூர்கிறார். ஆசாரம் மிக்க அந்த ஆசிரியரின் மனைவியார் இஸ்லாமியச் சிறுவனுக்குத் தம் சமையலறையில் பரிமாற மறுத்துவிட்டார். ஆசிரியர் சினக்கவில்லை. தாமே பரிமாறி, சிறுவன் அருகில் அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அந்த அம்மையாரே சிறுவனைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார். சமையலறையின் சுவர் மாறவில்லை, மேடை மாறவில்லை. உள்ளே வரலாம் என்பவரின் பட்டியல் மாறிற்று. எத்தனை அழகிய வீடாயினும், யார் உள்ளே வரலாம் என்பதில் குறை இருந்தால் அந்த வீட்டின் அமைப்பு நிறைவு பெற்றதாகாது.

வேலை செய்யும் இடம்

வீட்டைப் போன்றே தொழில் செய்யும் இடத்தையும் நாம் கருத வேண்டும். சாயல்குடிப் பக்கம் பனைத் தொழிலாளர்களின் விடிலிகளைப் பார்த்திருப்பீர்கள். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. பருவ காலம் முழுவதும் நாள்தோறும் பல மணி நேரம் தாய்மார்கள் அந்தத் தாழ்ந்த கூரையின் கீழே, கொதிக்கும் சட்டியைத் துழாவிக்கொண்டு புகையில் நிற்கிறார்கள். நாம் விரும்பி உண்ணும் கருப்பட்டி அவர்கள் கண்ணீரில்தான் கட்டியாகிறது. கூரையை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, உச்சியில் புகை போகத் திறப்பு விட்டு, அடுப்பின் வாயைக் குடிசைக்கு வெளியே திருப்பினால், விறகு தள்ளுபவர் வெளியிலிருந்தே தள்ளலாம். துழாவுபவர் கண்ணைத் திறந்து வேலை செய்யலாம். தேவைப்படுவன இரண்டு பனங்கழிகளும் ஒரு நாள் உழைப்பும் மட்டுமே. கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் முன்வந்தால் ஒரே பருவத்தில் பல விடிலிகளை மாற்றிவிடலாம்.

ஓலைப் பெட்டி முடைபவர்களுக்கும் வலை பின்னுபவர்களுக்கும் வேண்டியவை இரண்டே: பக்கவாட்டிலிருந்து வெளிச்சம், முதுகைச் சாய்க்க ஒரு சுவர். பொதுக் கூடம் கட்டும்போது ஓர் ஓரத்தில் தாழ்வான திண்ணையை நீளமாக விட்டால், பத்துப் பேர் வரிசையாக அமர்ந்து வேலை செய்யலாம்.

ஊராட்சி அலுவலகம்

இனி, உங்கள் சொந்த வீடாகிய ஊராட்சி அலுவலகத்துக்கு வருவோம். பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு பெரிய மேசை இருக்கிறது. அதற்குப் பின்னே ஒரு நல்ல நாற்காலி இருக்கிறது. துருப்பிடித்த பீரோ ஒன்று ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. மனு கொண்டுவரும் கிழவி எங்கே உட்காருவது? வாசற்படியில். இதுவும் உள்ளமைப்புத்தான், "நீ காத்திரு" என்று சொல்லும் உள்ளமைப்பு.

டாக்டர் கலாம் தம் நூலில் கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் இங்கே நினைக்கத் தக்கது. அவர் இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் குருக்களின் மகனுக்கு அருகே முன்வரிசையில் அமர்ந்திருந்த அவரைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். அதை அறிந்த தந்தையாகிய குருக்கள் இலட்சுமண சாஸ்திரிகள், அந்த ஆசிரியரை அழைத்துக் கடுமையாகக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். ஒரு சிறுவனை எந்தப் பலகையில் உட்கார வைப்பது என்பது மேசை நாற்காலி பற்றிய சிறு செய்தியன்று என்பதை அந்தப் பெரியவர் உணர்ந்திருந்தார்.

நம் மாநிலத்தில் ஊராட்சிப் பதவிகளில் பாதி மகளிருக்கு என்று 2016இல் சட்டம் செய்யப்பட்டது. பட்டியல் இனத்தவருக்கும் உரிய இடங்கள் உண்டு. ஆனால் தலைவி பதவியில் இருக்க, தலைவர் நாற்காலியில் அவர் கணவர் அமரும் காட்சியும், பட்டியல் இனத்துத் தலைவருக்கு நாற்காலியே இல்லாத காட்சியும் தமிழகத்தில் காணப்பட்டதுண்டு. தலைவர் நாற்காலி தலைவருக்கே உரியது. உறுப்பினர் நாற்காலிகள் அனைத்தும் ஒரே உயரத்தில், ஒரே வகையாக இருக்கட்டும். மேசையின் மறுபக்கத்தில் மனுதாரருக்கு முதுகுச் சாய்வுள்ள இரண்டு இருக்கைகள் இருக்கட்டும். வாசற்படி ஓரடி உயரமானால், அதன் பக்கத்தில் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் அமையுங்கள். அப்போதுதான் சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்காமல் தாமே ஏறிவர இயலும். கதவு மூன்றடி அகலமேனும் இருக்கட்டும். அறிவிப்புப் பலகையை வெளிச்சமுள்ள இடத்தில், கண்ணுக்கு நேராக மாட்டுங்கள். ஒரு பானைத் தண்ணீரும் குவளையும் மறவாதீர்கள். குவளை அனைவருக்கும் ஒன்றே.

வானம் தோண்டுமுன்

நீண்ட உரையைச் சுருக்கி ஐந்து வேண்டுகோள்களாகக் கூறுகிறோம்.

ஒன்று: வீடு கட்டுமுன் மனையிலேயே சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடிட்டு, வீட்டுப் பெண்களை அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பு, அம்மி, தண்ணீர்க் குடம், படுக்கை ஆகியவற்றை அவர்களே இடம் காட்டட்டும். இரண்டு: கச்சானும் வாடையும் எப்பக்கம் வரும் என்று அவ்வூர் மீனவரையோ உழவரையோ கேட்டு ஜன்னலைக் குறியுங்கள். மூன்று: மணலும் நீரும் உப்பில்லாதவைதாமா என்று பாருங்கள். நான்கு: மாடம், பரண், மேடை ஆகியவற்றைப் பூச்சுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் செலவு இரட்டிப்பாகும். ஐந்து: வீடு கட்டி ஓராண்டு கழிந்ததும் ஒருமுறை சென்று, மக்கள் எந்த அறையில் உறங்குகிறார்கள் என்று பாருங்கள். நாம் கட்டியது வீடா கிடங்கா என்பதை அது சொல்லிவிடும்.

அந்த இருபது வீடுகள் என்னவாயின என்று நீங்கள் கேட்கலாம். தென்கிழக்கில் சார்ப்பு இறக்கி விறகடுப்பை அங்கே மாற்றினோம். கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டித் திறப்பு வெட்டினோம். மூன்று வீடுகளில் கட்டடம் இடம் கொடாமையால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அவை இன்றும் வலைக் கிடங்குகளாகவே இருக்கின்றன. முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மூன்றும் வீடுகளாகவே இருந்திருக்கும் என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்கியதில்லை.

அதற்குப் பின் நாம் ஒப்பமிட்ட ஒவ்வொரு வரைபடத்தையும் அந்த மூதாட்டியின் கேள்வியோடுதான் பார்க்கிறோம். ஊராட்சிப் பணியில் இருக்கும் நீங்களும் உங்கள் ஊரில் அடுத்த வீட்டுக்கு மனை அளக்கும்போது, கையில் நாடாவைப் பிடிப்பதற்கு முன், அந்த வீட்டின் அம்மையாரை அழைத்து, "தாயே, அடுப்பை எங்கே வைப்பது?" என்று கேளுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்தே விடை கிடைக்கும்.